ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

மழை விட்டுப் புல் தலைகாட்டும் நாட்களில் மாட்டு உண்ணி பெருகும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். காது மடலின் உட்புறம், அலைதாடி, மடியின் ஓரம், வாலடி என்று தோல் மெலிந்த இடமாகப் பார்த்து அது ஒட்டிக்கொள்ளும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி தரையில் விழுந்து, ஈர மண்ணிலோ சருகுக்கு அடியிலோ 2,000 முதல் 4,000 முட்டைகள் வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரித்து வரும் குஞ்சுகள் புல் நுனியில் ஏறி அடுத்த மாட்டுக்குக் காத்திருக்கும். இந்தச் சுழற்சி நூறாண்டுகளாக அப்படியே நடக்கிறது. மாறியவை மூன்று: உண்ணி ஏறும் மாடு, அது கொண்டுவரும் நோயைக் கண்டறியும் கண், நோயை அடக்கும் மருந்து. மூன்றும் மாறின; ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து மாறவில்லை. நம் மாட்டுக் கொட்டகைகளில் இன்று நேரும் பல இழப்புகளுக்கு அந்த இடைவெளிதான் காரணம்.

நாட்டு மாட்டின் காலம்

காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் மாடுகள் வயலிலும் வண்டியிலும் உழைத்த காலத்தில் உண்ணியைப் பெரிய நோயாக யாரும் எண்ணவில்லை. பகலெல்லாம் மேய்ச்சல், மாலையில் குளத்தில் குளிப்பாட்டல், இரவில் தொழுவத்தில் வேப்பிலை, நொச்சிப் புகை. உண்ணியைக் கையால் பிடுங்கி நெருப்பில் போடுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. மேய்ச்சலில் கொக்கும் கரிச்சானும், தொழுவத்தில் கோழிகளும் தம் பங்குக்குப் பொறுக்கித் தின்றன. கடித்த இடத்தில் வேப்பெண்ணெய் தடவினால் போதும் என்று இருந்தார்கள்.

அந்த மாடுகள் தாங்கியதற்கு ஆழமான காரணம் உண்டு. குஞ்சு முதல் முதிர்வு வரை ஒரே மாட்டில் வளர்ந்து, உலகெங்கும் மாடுகளை வாட்டும் உண்ணியின் தாயகமே தெற்கு ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதனோடு வாழ்ந்த திமில் மாடுகளின் தோலும் ரத்தமும் அதை எதிர்க்கப் பழகிவிட்டன. நூறு குஞ்சுகள் ஏறினாலும் முழுதாகப் பருத்து விழுபவை மிகச் சில. கன்றுகள் பிறந்த சில மாதங்களிலேயே லேசாகத் தொற்றுக்கு ஆளாகி, இயல்பான இளவயதுப் பாதுகாப்பில் நோயாக மாறாமல் தப்பித்து, பிறகு வாழ்நாளெல்லாம் எதிர்ப்போடு வளர்ந்தன.

அதற்காக அந்தக் காலத்தில் யாரும் மாட்டை இழக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல் கண்டு, கண் வெளுத்து, மூத்திரம் காபி நிறத்தில் போய், மூன்றாம் நாள் விழுந்த மாடுகள் எத்தனையோ. விஷப்புல் தின்றது என்றார்கள், பூச்சி கடித்தது என்றார்கள், கண்பட்டது என்றார்கள். உடம்பில் ஊர்ந்த உண்ணிக்கும் மூத்திரத்தில் போன ரத்தத்துக்கும் உள்ள தொடர்பு எவர் கண்ணிலும் படவில்லை.

தொடர்பைக் கண்ட ஆண்டு

அந்தத் தொடர்பு அமெரிக்காவில் வெளிப்பட்டது. டெக்சாஸிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மந்தைகள் நலமாக இருக்க, அவை நடந்த வழியில் மேய்ந்த வடநாட்டு மாடுகள் மட்டும் கூட்டமாகச் செத்தன. நோயில்லாத மாடு நோயைப் பரப்புவது எப்படி என்பது பெரும் புதிராக இருந்தது. 1888-இல் ருமேனியாவில் விக்டர் பாபேஷ், நோயுற்ற மாடுகளின் சிவப்பணுக்களுக்குள் நுண்ணுயிரிகளைப் பார்த்திருந்தார். பபேசியா என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. 1893-இல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அந்த ஒட்டுண்ணியை உண்ணிதான் கடத்துகிறது என்று சோதனைகளால் நிறுவினார்கள். தாய் உண்ணி குடித்த ஒட்டுண்ணி முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது என்பதையும் காட்டினார்கள். ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, பூச்சியினம் ஒன்று ரத்த ஒட்டுண்ணியைக் கடத்தும் என்ற உண்மையை மாட்டு வைத்தியம் உலகுக்குச் சொல்லியிருந்தது.

ஆனால் பார்ப்பது வேறு, பிரித்தறிவது வேறு. ராபர்ட் கோக் போன்ற மேதையே கிழக்கு ஆப்பிரிக்காவில் மாட்டு ரத்தத்தில் கண்ட சிறு உருவங்களை பபேசியா என்ற டெக்சாஸ் காய்ச்சல் கிருமியின் இளம்பருவம் என்று எண்ணினார். அது முற்றிலும் வேறொரு நோய் என்பது 1903, 1904-வாக்கில் தெளிவானது. அந்தக் கிருமி இனத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் ஆர்னால்ட் தைலர் பெயரால் தைலேரியா என்று பெயரிட்டார்கள். சிவப்பணுவின் விளிம்பில் புள்ளியாக நிற்கும் அனபிளாஸ்மாவைத் தைலரே 1910-இல் தனி நோய்க்கிருமியாக விவரித்தார். அது பாக்டீரியா வகை என்பது பின்னால் தெரியவந்தது. ஆக மூன்று கிருமிகள், மூன்று நோய்கள். மூன்றிலும் காய்ச்சல், மூன்றிலும் ரத்தசோகை. ஒன்றை இன்னொன்றாக எண்ணி மருந்து கொடுத்தால் மாடு போய்விடும்.

கண்ணாடிச் சில்லின் காலம்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த தலைமுறைகளுக்கு ரத்த ஒட்டுண்ணியைக் கண்டறியும் ஒரே துணை மைக்ராஸ்கோப்தான். காது நுனியின் மயிரை நீக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஊசியால் குத்தி, முதல் சொட்டை ஸ்லைடில் எடுத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் மெல்லியதாக இழுக்க வேண்டும். காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நிலைநிறுத்தி, ஜீம்சா சாயத்தில் அரைமணி நேரம் வைத்து, எண்ணெய் லென்ஸின் அடியில் பார்க்க வேண்டும். ஈ மொய்க்காமல் மூடியும் வைக்க வேண்டும். மறந்தால் ஈக்கள் ரத்தப்படலத்தையே தின்றுவிடும்.

பழகிய கண்ணுக்கு அந்த ஊதாப் புலம் தெளிவாகப் பேசும். பேரிக்காய் வடிவில் இரண்டு கிருமிகள் கூர்முனை சேர்ந்து சிவப்பணுவை நிறைத்து நின்றால் பபேசியா. கல் வைத்த மோதிரம்போல் சின்னஞ்சிறு வளையங்கள் தெரிந்தால் தைலேரியா. விளிம்பில் ஒற்றைக் கரும்புள்ளி நின்றால் அனபிளாஸ்மா. தைலேரியாவுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தோள்பட்டைக்கு முன்னால் வீங்கிய நெறியில் ஊசி நுழைத்து எடுத்த நீரைச் சாயமிட்டால், வெள்ளணுவுக்குள் நீலத் திட்டுகள் தெரியும். அவற்றை இன்றும் கோக் நீல உருவங்கள் என்றே அழைக்கிறார்கள்.

மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பபேசியாவுக்கு 1909-இல் டிரிப்பான் நீலம் என்ற சாயமே மருந்தானது. 1955-வாக்கில் டைமினசீன் வந்தது. பெரினில் என்ற பெயரில் அது கால்நடை ஆஸ்பத்திரி அலமாரிகளில் நிலையான இடம் பிடித்தது. அனபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் உதவியது. தைலேரியாவுக்கோ நெடுங்காலம் நம்பத்தகுந்த மருந்தே இல்லை. 1980-களின் இறுதியில் பூபார்வகோன் வந்த பிறகே, நெறி வீங்கிய மாட்டைப் பார்த்து மருத்துவர்கள் நம்பிக்கையாகப் பேச முடிந்தது.

பால் பெருகியது, தாங்கும் உடம்பு குறைந்தது

1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் விந்து உறைநிலையில் கிராமம் கிராமமாக வந்தது. வாசலுக்கு வாசல் கலப்பினப் பசு நின்றது. காலையும் மாலையும் சொசைட்டியில் கேன்கள் நிரம்பின. ஏழைக் குடும்பங்களின் கையில் வாரந்தோறும் பணம் புழங்கியது. பிள்ளைகளின் படிப்பு, மகளின் கல்யாணம், வீட்டின் மேற்கூரை என்று அந்தப் பாலால் எழுந்தவை ஏராளம். அந்த நன்மையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. இன்று தமிழகத்தின் மாடுகளில் பெரும்பகுதி கலப்பினம்.

ஆனால் பாலோடு சேர்ந்து ஒரு பலவீனமும் வந்தது. ஐரோப்பியக் குளிரில் வளர்ந்த இனங்களின் ரத்தத்துக்கு நம் உண்ணி புதிது. நாட்டு மாட்டில் கன்றுப் பருவத்திலேயே அடங்கிப்போகும் தொற்று, கலப்பினப் பசுவைக் கறவையின் உச்சத்தில், கன்று ஈன்ற களைப்பில், வெயிலின் கொடுமையில் சாய்த்துவிடுகிறது. தைலேரியா வந்த கலப்பினக் கன்றுகள் கண் பிதுங்கி, மூச்சிரைத்து, ஒரே வாரத்தில் விழுகின்றன.

அதே காலத்தில் உலகம் எதிர்த்திசையில் நடந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரேசில் நம் ஓங்கோல் மாட்டைக் கொண்டுபோய் நெல்லூரின் பெயரில் பெரும் இனமாக்கியது. இந்திய மாடுகளைக் கலந்து அமெரிக்கா பிராமன் இனத்தை உருவாக்கியது. 1872-இல் டார்வினில் வந்திறங்கிய மாடுகளோடு உண்ணியை வாங்கிக்கொண்ட ஆஸ்திரேலியா, வடக்கு மேய்ச்சல் நிலங்களை அந்தத் திமில் ரத்தத்தால்தான் காத்தது. உண்ணியையும் வெப்பத்தையும் தாங்கும் உடம்புக்காக அவர்கள் நம் மாட்டைத் தேடினார்கள். பாலுக்காக நாம் அவர்கள் மாட்டைத் தேடினோம். தேடியதில் தவறில்லை. புதிய உடம்புக்கு ஏற்ற புதிய காவலை அமைக்காமல் விட்டதுதான் தவறு.

கொட்டகையும் மாறிவிட்டது. மேய்ச்சல் நிலம் சுருங்கி, மாடு ஒரே கட்டுத்தறியில் ஆண்டெல்லாம் நிற்கிறது. தைலேரியாவைக் கடத்தும் வேறு வகை உண்ணி சுவர் வெடிப்புகளிலும் கல்லிடுக்குகளிலும் ஒளிந்து பெருகக்கூடியது. நல்ல எண்ணத்தோடு கட்டிய செங்கல் கொட்டகை, பூச்சு விரிந்து கவனிப்பில்லாமல் போனால் அதற்கே குடியிருப்பாகிவிடும்.

மைக்ராஸ்கோப்புக்கு அப்பால்

இன்றைய கண்டறிதலின் வளர்ச்சி வியப்பானது. 1983-இல் கேரி மல்லிஸ் கண்ட பிசிஆர் முறை, ரத்தத்தில் ஒளிந்திருக்கும் கிருமியின் மரபணுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டுகிறது. மாட்டின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 500 கோடிக்கும் மேல் சிவப்பணுக்கள் இருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் நூறு புலங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாலும் சில பத்தாயிரம் அணுக்களே கண்ணில் படும். கிருமி எண்ணிக்கை குறைந்த மாட்டில் ஸ்லைடு சுத்தமாகவே தெரியும், பிசிஆர் விடாது. ஜப்பானில் 2000-வாக்கில் உருவான லேம்ப் முறைக்கு விலையுயர்ந்த கருவிகூட வேண்டாம், ஒரே சீரான வெப்பம் போதும். எலைசா சோதனை ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருளை அளந்து, மந்தைக்கு முன்பு தொற்று வந்ததா என்று சொல்லும்.

இந்த நுட்பங்கள் பழைய புதிர் ஒன்றை இன்னும் தெளிவாக்கின. நோய் தீர்ந்த மாட்டில் கிருமி தீர்வதில்லை. பிழைத்த மாடு பல மாதங்கள், சில நேரம் ஆண்டுக்கணக்கில், கிருமியைக் குறைந்த அளவில் சுமந்துகொண்டே பால் கொடுக்கிறது. அதைக் கடிக்கும் உண்ணி அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகிறது. டெக்சாஸ் மந்தைகள் நலமாக நடந்தபடியே நோயைப் பரப்பியது இப்படித்தான். சந்தையில் பளபளப்பாக நிற்கும் மாட்டை வாங்கிவந்த மூன்றாம் வாரம் கொட்டகையில் பழைய மாடு விழுவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

சாதுவானது என்று ஒதுக்கிய தைலேரியா ஒரியன்டாலிஸ் என்ற வகையையும் மரபணுச் சோதனைதான் வேறு கண்ணோடு பார்க்க வைத்தது. கேரளத்தில் கலப்பின மாடுகளில் அது உயிர் குடித்தது பதிவானது. 2012-இல் நியூசிலாந்தில் அதன் ஒரு வகை பெரும் நோயாகப் பரவியது. 2017-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் தென்பட்டது.

பிசிஆர் சொல்வது முழு உண்மையும் அல்ல. கிருமி இருக்கிறது என்று அது சொல்லும்; இன்றைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று சொல்லாது. சுமக்கும் மாட்டுக்கு மடிநோயால் காய்ச்சல் வந்தாலும் பிசிஆர் தைலேரியாவைக் காட்டத்தான் செய்யும். ஸ்லைடில் எத்தனை அணுக்களில் கிருமி இருக்கிறது, நெறி வீங்கியிருக்கிறதா, கண்ணின் உள்ளிமை வெளுத்திருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரின் கண் இன்றும் தேவை.

இன்றைய கொட்டகையில்

இத்தனை இருந்தும் கிராமத்தில் நடப்பது என்ன?

"சார், நேத்து சாயந்திரத்துல இருந்து தவிட்டுத் தண்ணியைத் தொடல. பாலும் பாதியாக் குறைஞ்சிடுச்சு."

"மூத்திரம் என்ன நிறம்மா?"

"கவனிக்கலைங்க சார். நம்ம ஊர் ஆளு வந்து ரெண்டு ஊசி போட்டுட்டுப் போனாரு."

மருத்துவரின் கை அங்கேயே கட்டப்பட்டுவிடுகிறது. முதலில் விழுந்த ஊசி எது என்று தெரியாது. அது கிருமியை அரைகுறையாக அடக்கியிருந்தால் ஸ்லைடில் ஒன்றும் தெரியாது. நோயோ உள்ளே நடந்துகொண்டிருக்கும். டைமினசீன் தைலேரியாவைக் கொல்லாது. பூபார்வகோன் அனபிளாஸ்மாவைத் தொடாது. வழக்கமான ஆன்டிபயாடிக் ஊசி பபேசியாவுக்கு வீண். குத்துமதிப்பாக மூன்றையும் சேர்த்துப் போடும் வழக்கம் ஏழையின் பணத்தைத் தின்பதோடு, பாலிலும் மருந்தெச்சத்தைக் கலக்கிறது. அனபிளாஸ்மா உண்ணியால் மட்டுமின்றி, கடிக்கும் ஈக்களாலும், ஒரே ஊசியை மாடு மாடாகக் குத்துவதாலும் பரவும். வைத்தியம் பார்க்க வந்த ஊசியே நோயை இறக்கிவிட்டுப் போகலாம்.

உண்ணி மருந்தின் கதையும் இதுவே. அமெரிக்கா 1906-இல் தொடங்கி, மாடுகளை ஆர்சனிக் கலந்த தொட்டிகளில் முக்கி, 1943-க்குள் தன் நாட்டின் பெரும்பகுதியில் உண்ணியை ஒழித்தது. மெக்சிகோ எல்லையில் இன்றும் குதிரைமேல் காவல் காக்கிறது. நம் பக்கம் டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும் வந்தன. அளவு பார்க்காமல், இடைவெளி பார்க்காமல் தெளித்தோம். இந்தியாவின் பல பகுதிகளில் உண்ணி அவற்றை எதிர்த்துப் பிழைக்கக் கற்றுவிட்டது. தைலேரியாவுக்கு எதிரான பூபார்வகோனுக்கும் சில நாடுகளில் எதிர்ப்பு பதிவாகிவிட்டது. தேவையில்லாத மாட்டுக்குப் போடும் ஒவ்வொரு ஊசியும் தேவையான மாட்டின் மருந்தை மழுங்கடிக்கிறது.

வெப்பமண்டலத் தைலேரியாவுக்கு இந்தியாவிலேயே தடுப்பூசி உண்டு. ஆய்வகத்தில் வளர்த்து வீரியம் குறைத்த உயிர்க்கிருமியால் ஆன அந்தத் தடுப்பூசியைத் திரவ நைட்ரஜனில்தான் வைத்திருக்க வேண்டும். சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் கலனில் வைத்து வாசல்வரை கொண்டுவர நம்மால் முடிகிறது. அதே கலனில் தடுப்பூசியும் ஏன் வரக்கூடாது என்பது அரசும் பால் ஒன்றியங்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

என்ன செய்யலாம்

மாவட்டந்தோறும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் ஊர்தி வருகிறது. கண்டறியும் கருவிக்கு இன்று பஞ்சமில்லை. நோய்வாய்ப்பட்ட மாட்டுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே உள்ள அந்த முதல் நாள்தான் வீணாகிறது. அதை மீட்பது மாடு வைத்திருப்பவரின் கையிலும் முதலில் வரும் வைத்தியரின் கையிலும் இருக்கிறது.

கொட்டகையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். ஆரோக்கியமான பசுவின் உடல் வெப்பம் ஏறக்குறைய 101.5 டிகிரி பாரன்ஹீட். 103-ஐத் தாண்டினால், தீனி குறைந்தால், பால் திடீரென வற்றினால் அன்றே சொல்லுங்கள். மூத்திரம் சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள். தைலேரியாவில் மூத்திரம் சிவக்காமலேயே மாடு சாகும். உண்ணியைத் தினமும் தடவிப் பார்த்து அகற்றுங்கள். தைலேரியாக் கிருமி உண்ணியின் எச்சில் சுரப்பியில் முதிர்வதற்கே கடித்தபின் இரண்டு மூன்று நாட்கள் ஆகும். சுவர் வெடிப்புகளைப் பூசுங்கள். சந்தையில் வாங்கிய மாட்டைத் தனியே கட்டி, ரத்தம் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

கால்நடை மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளொன்றுக்குப் பத்து ஊர் சுற்றும் உங்கள் சுமை தெரியும். ஆனாலும் காய்ச்சல் மாட்டுக்கு முதல் ஊசியை ஏற்றும் முன் காது நுனியிலிருந்து ஒரு ஸ்லைடு இழுத்து வையுங்கள். முடிந்தால் ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தமும் எடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு அவசரத்துக்கு எந்த மருந்து கொடுத்தாலும், தவறினால் திருத்திக்கொள்ள ஆதாரம் கையில் இருக்கும்.

மாடு வைத்திருப்பவர்களே, உங்கள் கொட்டகைக்கு வரும் எவரிடமும் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்: "ரத்தம் எடுத்துட்டு ஊசி போடுங்க சார்."